புகழைக் கேலி செய்யும் படம் பாட்டுக்கு அரணே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, கல்லூரி மாணவியான அன்புத் தங்கையே, என் அணி நண்பர்களே, இந்த மாலைக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் கோத்தகிரிப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

“ராப் இசையையும் புகழையும் கேலி செய்யும் போலி ஆவணப்படங்கள் அந்தக் கலைக்கு அரணா, அவமதிப்பா?” என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. அரணே என்று வாதாட வந்திருக்கிறேன். ராப் என்பது வாய் பொத்தப்பட்ட மக்களின் குரல், அந்தக் குரலைப் பார்த்துச் சிரிப்பது அந்த மக்களைப் பார்த்துச் சிரிப்பதே ஆகும் என்று பேராசிரியர் ஐயா மிகுந்த வேதனையோடு சொன்னார். பாடத் துணிந்து மேடையேறும் இளைஞனை இத்தகைய படங்கள் கூச வைத்துவிடும் என்று தங்கை சொன்னார். இரண்டும் அக்கறையில் பிறந்த வாதங்கள். அவற்றைத் தட்டிக்கழிக்காமல் விடை சொல்வதற்கே எனக்குத் தரப்பட்ட நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட விரும்புகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலி ஆவணப்படத்தில் வரும் பாடகர் கற்பனை, அவருடைய குழு கற்பனை, அவர் விற்றுத் தள்ளியதாகச் சொல்லப்படும் இசைத்தட்டுகளும் கற்பனை. படம் எடுக்கப்படும் முறை மட்டும் அச்சு அசலாக ஆவணப்படத்தினுடையது: தோளில் சுமந்த கேமரா, மேடைக்குப் பின்னால் நடக்கும் ஓட்டம், நாற்காலியில் உட்கார்ந்து தரும் பேட்டி. படம் எடுப்பவர் தம் வாயால் ஒரு குறையும் சொல்வதில்லை. பாடகர் தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவார். அடுத்த காட்சி அந்தப் பெருமையைப் பொய்யாக்கிவிடும். 1984-இல் வெளிவந்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ என்ற படம் ராக் இசைக்குழு ஒன்றை இப்படிக் காட்டி, இந்த வகைக்கே இலக்கணம் வகுத்தது. மற்றவர்களின் ஒலிபெருக்கியில் குமிழ் பத்து வரைதான் திரும்பும், எங்களுடையது பதினொன்று வரை திரும்பும் என்று அதில் ஒரு கிட்டார் கலைஞர் முழு நம்பிக்கையோடு விளக்குவார். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2002-இல் அந்தப் படத்தைச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறார்கள். ராக் இசைக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இனி ராப் இசைக்கு வருகிறேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியிலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்டு 11 அன்று, தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ராப் பாட்டைத் தன்னுள் கொண்ட ஹிப் ஹாப் கலை பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஆடுவதற்கு ஏற்ற தாளப் பகுதி மட்டும் நீண்டு ஒலிக்கும்படி இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டும் உத்தி அவர் கொண்டுவந்தது. ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற பாட்டு இசைத்தட்டாகி விற்பனையில் வெற்றி பெற்றது 1979-இல். அதாவது பாட்டு பிறந்து ஆறு ஆண்டுகள் கழித்தே அதற்குச் சந்தை வந்தது; சந்தையின் பின்னால் புகழ் வந்தது, புகழின் பின்னால் துதிபாடிகள் வந்தார்கள். நாங்கள் ஆதரித்துப் பேசும் படங்கள் கடைசியில் வந்த இந்தக் கூட்டத்தைத்தான் கேலி செய்கின்றன. 1973-இல் அந்தக் கூடத்தில் ஆடியவர்களை அவை தொடவே இல்லை.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நிலையை இப்போது சொல்கிறேன். ஒரு காலத்தில் இசைக்கலைஞரைப் பற்றிய ஆவணப்படம் என்றால், வெளியாள் ஒருவர் கேமராவோடு உள்ளே போய், கண்டதைக் காட்டுவார். இன்று அந்தப் படத்துக்குப் பணம் போடுபவர் பெரும்பாலும் நட்சத்திரத்தைச் சேர்ந்தவர். 2011-இல் ஜஸ்டின் பீபரைப் பற்றி ‘நெவர் சே நெவர்’ என்ற படம் வந்தபோது, அதன் தயாரிப்பாளர்களுள் ஒருவர் அவருடைய மேலாளரான ஸ்கூட்டர் பிரான். அதில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. விளம்பரம் ஒரு தொழில். ஆனால் விளம்பரம் ஆவணப்படத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது, பார்க்கிற பதினாறு வயதுப் பிள்ளை அதை வாழ்க்கை என்று எடுத்துக்கொள்கிறது. மெய்யான ஆவணப்படம் சொல்லாமல் விட்ட உண்மையைப் போலி ஆவணப்படம் சொல்ல வந்தது. அது ஏமாற்று வேலை என்று தங்கை சொன்னார். அது தன்னைப் போலி என்று ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறது. அந்த நேர்மை விளம்பரப் படத்துக்கு இல்லை.

2016-இல் வந்த ‘பாப்ஸ்டார்: நெவர் ஸ்டாப் நெவர் ஸ்டாப்பிங்’ என்ற போலி ஆவணப்படம் பீபர் படத்தின் பெயரையே எடுத்து நீட்டிக்கொண்டது. மூன்று பால்ய நண்பர்களில் கானர் என்பவன் மட்டும் தனியே பிரிந்து நட்சத்திரமாகிறான். அவனுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த வரிகளை எழுதியவன் நண்பன். பரிசு வாங்கும்போது அந்த நண்பனின் பெயரை அவன் சொல்வதில்லை. எழுதியவன் மனம் நொந்து விவசாயம் செய்யப் போய்விடுகிறான். கானரின் புதிய பாட்டுகளை வீட்டு உபயோகப் பொருள்களுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலும் அவன் குரல் ஒலிக்கிறது, கடைசியில் நாடு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. மிகை என்று நினைப்பீர்கள். 2014 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் யு2 என்ற ராக் இசைக்குழுவின் புதிய இசைத்தொகுப்பைச் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் வாடிக்கையாளர்களின் கணக்குகளில், அவர்களைக் கேட்காமலேயே, சேர்த்துவிட்டது. அதை நீக்குவதற்கென்று பிறகு தனியாக ஒரு வழி செய்து தர வேண்டியிருந்தது.

அதே படத்தில், புகைப்படத்தில் கானர் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பக்கத்தில் நிற்கக் குள்ளமான ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். நீலகிரிக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பைக்காரா சாலையில் ஒன்பதாவது மைலில் ஷூட்டிங் மட்டம் என்றே ஓர் இடம் நமக்கு இருக்கிறது. தூறல் விழும் நாளில் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நட்சத்திரம் வண்டியிலிருந்து கால் வைக்குமுன் ஒருவர் குடையை விரித்துக்கொண்டு ஓடுவார், குடை முழுவதும் நட்சத்திரத்தின் தலைக்கு மேல் இருக்கும், பிடிப்பவரின் ஒரு பக்கத் தோளும் சட்டையும் தெப்பலாக நனைந்திருக்கும், செருப்பு சேற்றில் புதைந்து புதைந்து வரும். திரையில் அந்தக் கை வராது. போலி ஆவணப்படம் கேமராவை அரை அடி நகர்த்தி அந்தக் கையையும் படச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. இதில் அவமதிக்கப்பட்டவர் யார்? பாட்டா?

பேராசிரியர் ஐயாவின் வாதத்துக்கு இப்போது நேராக வருகிறேன். உடையையும் தோலின் நிறத்தையும் பேச்சு வழக்கையும் மட்டும் பார்த்துச் சிரிக்கும் கேலி உண்டு. அது இழிவு, அதற்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். ஆனால் 1993-இல் வந்த இரண்டு படங்களை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள். ‘சிபி4’ என்ற படத்தில் நடித்து, அதை எழுதியவர்களுள் ஒருவராகவும் இருந்தவர் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரான கிறிஸ் ராக். உடன் எழுதியவர் ஹிப் ஹாப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த விமர்சகர் நெல்சன் ஜார்ஜ். ஒழுங்கான குடும்பத்தில் வளர்ந்த பையன், சிறைக்குப் போன ரவுடி ஒருவனின் பெயரையும் தோரணையையும் திருடிக்கொண்டு ராப் நட்சத்திரமாவதே அதன் கதை. அந்த ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘ஃபியர் ஆஃப் எ பிளாக் ஹாட்’ படத்தை எழுதி, இயக்கி, அதில் ராப் பாடகராக நடித்தவர் ரஸ்டி கண்டீஃப். அவரும் கறுப்பினத்தவர். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பெண் ஆய்வாளர் ஒரு ராப் குழுவின் பின்னாலேயே கேமராவோடு போகிறார் என்பது அந்தப் படத்தின் அமைப்பு.

அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஏன் எப்போதும் தொப்பி அணிகிறீர்கள் என்ற கேள்விக்குக் குழுவினர் விளக்கம் தருகிறார்கள். அடிமைகளாக இருந்த எங்கள் முன்னோர் வெயிலில் தொப்பி இல்லாமல் உழைத்தார்கள். மாலையில் களைத்துப் போனதால் அவர்களால் கிளர்ந்தெழ முடியவில்லை. இன்று எங்களிடம் தொப்பி இருக்கிறது என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அடிமைமுறையின் துயரத்தைக் கேலி செய்வது போலத் தோன்றும், ஐயா. நின்று யோசித்தால், அந்தத் துயரத்தை ஒரு தொப்பியின் விளம்பரமாகச் சுருக்கிவிட்ட வியாபாரத்தின் மீது கண்டீஃபுக்கு இருக்கும் கோபம் புலப்படும். முன்னோரின் வேர்வை அவருக்குப் புனிதம். அதனால்தான் அதை விற்கிறவனை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெளியாளுக்கு அந்தக் கோபம் வராது, அந்தக் காட்சியும் எழுத வராது.

பாடத் தெரியாதவரால் இந்தக் கேலியைச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பாப்ஸ்டார்’ படத்தை எடுத்த லோன்லி ஐலண்ட் குழுவினர் மூவரும் நகைச்சுவை ராப் பாடியே பெயர் பெற்றவர்கள். பாடகர் டி-பெய்னோடு சேர்ந்து அவர்கள் பாடிய ஒரு பாட்டு 2010-ஆம் ஆண்டு கிராமி விருதுக்கு ராப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. ராப் உலகில் உயர்ந்த இடத்திலிருக்கும் நாஸ், அந்தப் படத்தில் நாஸாகவே வந்து கற்பனைப் பாடகனைப் பற்றிப் பேட்டி தருகிறார். தம் கலைக்கு அவமதிப்பு என்று எண்ணியிருந்தால் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா?

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரனும் அப்படித்தானே. அரசனின் வருகையை அறிவிப்பவனும் அவனே. அரசன் மார்தட்டும்போது குறுக்கே புகுந்து கேள்வி கேட்பவனும் அவனே. அடவும் பாட்டும் கைவராதவனுக்கு அந்த வேடத்தைத் தர மாட்டார்கள். அவனைக் கண்டு மக்கள் சிரித்ததால் கூத்து அழிந்தது என்று யாரும் சொன்னதில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால் புறநானூற்றில் ஔவையார் நிற்கிறார். அதியமானின் தூதராகப் போனவரிடம் தொண்டைமான் தன் படைக்கருவிகளைக் காட்டிப் பெருமை கொள்கிறான். உன் கருவிகள் மயில்தோகை சூடி, நெய் பூசிக் காவல்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் புகழ்வது போலவே சொல்கிறார். வேல் என்ற கருவியையா அவர் இழிவுபடுத்தினார்? போர்க்களம் காணாத பளபளப்பையே அவர் சுட்டினார்.

இந்த மேடையில், இந்த மலையில் நின்றுகொண்டு ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியாவும் இலங்கையும் 1964-ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் வாழ்வுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நம் நீலகிரியில் இருக்கின்றன. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருக்கலாம். 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டைக் கேட்டபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமின்றித் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை, அதன் வரிகளை எழுதிப் பாடிய ராப் கலைஞர் அறிவு அதில் நினைத்திருக்கிறார் என்று அறிந்து, நம் லயன் வீடுகளில் எத்தனையோ கண்கள் கலங்கியிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடிய பாடகி தீயின் முகம் இருந்தது, அறிவின் முகம் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. நான் யார் மீதும் பழி சுமத்த வரவில்லை. எழுதியவனின் பெயரைச் சொல்லாமல் பரிசை வாங்கிக்கொள்ளும் கானரை 2016-இலேயே பார்த்துச் சிரித்த ஒருவருக்கு, 2021-இல் அந்த அட்டையைக் கண்டதும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும் என்றே சொல்கிறேன். ஒடுக்கப்பட்டவரின் குரலுக்கு இதைவிடப் பெரிய துணை என்ன வேண்டும், ஐயா?

தங்கையின் வாதம் மிச்சமிருக்கிறது. பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். என் மாணவன் ஒருவன் பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத தன் தாத்தாவைப் பற்றி ராப் எழுதினான். வரிகள் அருமையாக இருந்தன. காணொளியில் மட்டும் வாடகை ஜீப்பின் மேல் ஏறி நின்று, இரவல் குளிர்கண்ணாடியோடும் கழுத்தில் மஞ்சள் சங்கிலியோடும் பாடினான். தொப்பிக் காட்சியை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குக் கூச்சம் வந்ததா என்றால், வந்தது. அந்தச் சங்கிலியைப் பற்றி வந்தது. அதே பாட்டை இலை எடை போடும் கொட்டகையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பாடிப் பதிந்தான். பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் எடையில் ஈரத்துக்கென்று கழிக்கும் கிலோவைப் பற்றி அவன் எழுதியிருந்த வரி அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. முதல் காணொளியில் ஜீப்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

‘பாப்ஸ்டார்’ படத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவானது, திரையரங்குகளில் 1 கோடி டாலர்கூடத் திரும்பவில்லை. மக்களே அதை ஒதுக்கிவிட்டார்கள் என்று எதிரணி சொல்லலாம். வசூலைக் கொண்டு மதிப்பை அளக்கும் பழக்கத்தைத்தான் அந்தப் படம் கேள்வி கேட்கிறது. அதே அளவுகோலை எடுத்து அதன் மீது வைப்பது வழக்குக்குப் பொருந்தாது.

அடுத்துப் பேச எழவிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். இத்தகைய படம் ஒன்றால் வாய் அடைத்துப்போன உண்மையான ராப் கலைஞர் ஒருவரின் பெயரை இந்த அவையில் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் நடுவர் தீர்ப்பு உங்கள் பக்கம் போகட்டும். முடியாவிட்டால், குடையைப் பிடித்திருந்த அந்தக் கையை இவ்வளவு காலம் படச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியவர்கள் யார் என்பதற்கு விடை சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.