துளி வைட்டமினும் துணைநொதியும்

நேயர்களுக்கு வணக்கம். நாம் ஒரு நாளில் 200, 300 கிராம் மாவுச்சத்து சாப்பிடுகிறோம். அதை ஆற்றலாக மாற்றத் தேவைப்படும் தயமின், அதாவது வைட்டமின் பி1, 1 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். இத்தனை உணவுக்கு அந்தத் துளி எப்படி ஈடுகொடுக்கிறது? தயமின் எரிபொருளாகச் செலவாவதில்லை. துணைநொதியாக மாறி, நொதியோடு, அதாவது உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதத்தோடு, சேர்ந்து உழைக்கிறது. ஒரு வினை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த வினைக்குத் தயாராகிவிடுகிறது.

இப்படி ஒரு துணை வேண்டும் என்பது ஈஸ்ட்டில்தான் முதலில் தெரிந்தது. 1906-இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட்டைப் பிழிந்தெடுத்த சாற்றை ஜெலட்டின் வடிகட்டியில் அழுத்தி வடித்தார்கள். பெரிய மூலக்கூறுகள் மேலே தங்கின, சிறியவை கீழே இறங்கின. மேலே தங்கியதைச் சர்க்கரையோடு சேர்த்தால் நொதிக்கவில்லை. கீழே இறங்கியதும் அப்படியே. இரண்டையும் கலந்ததும் நொதித்தல் மறுபடி தொடங்கியது! அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கீழே இறங்கியதைக் கொதிக்க வைத்தாலும் அதன் வேலைத்திறன் போகவில்லை. நொதிகள் புரதங்கள், கொதித்தால் கெட்டுவிடும். அப்படியானால் இது புரதமில்லாத வேறு ஏதோ சிறிய பொருள். அதில் இருந்த முக்கியமான துணைநொதியைத்தான் இன்று என்ஏடி (NAD) என்கிறோம். இந்தத் துறை ஆய்வுக்காக ஹார்டனும் ஹான்ஸ் ஃபான் ஆய்லர்-கெல்பினும் 1929-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

என்ஏடி என்ன செய்கிறது? குளுக்கோஸ் உடையும்போது வெளிவரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை வேறொன்றிடம் கொடுத்தால்தான் அடுத்த முறை வாங்க முடியும். அங்காடியில் கூடை தூக்குபவர் சுமையை இறக்கினால்தானே அடுத்ததை ஏற்ற முடியும்? செல்லில் என்ஏடி கொஞ்சம்தான் இருக்கிறது. எல்லாமே சுமையோடு நின்றுவிட்டால் குளுக்கோஸ் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

வேகமாக ஓடும்போது தசைக்கு இந்த நெருக்கடிதான் வருகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா எலெக்ட்ரான்களை வாங்கும் வேகம் போதவில்லை. அப்போது தசை அவற்றைக் குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட்டிடம் கொடுத்து, அதை லாக்டேட்டாக மாற்றுகிறது. என்ஏடி விடுபடுகிறது, ஓட்டம் தொடர்கிறது. லாக்டேட்டை வெறும் கழிவு என்று பலர் இன்னும் நினைப்பது எனக்கு வருத்தம்தான். இதயம் அதை எரித்துக்கொள்கிறது, கல்லீரல் அதிலிருந்து மறுபடி குளுக்கோஸ் செய்கிறது. ஈஸ்ட் ஆல்கஹால் தயாரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான், என்ஏடியை மீட்டெடுக்க.

சரி, நிறைய வைட்டமின் விழுங்கினால் நிறைய ஆற்றல் கிடைக்குமா? கிடைக்காது. நொதியில் துணைநொதிக்கான இடம் நிரம்பிவிட்டால் மிச்சத்துக்கு அங்கே வேலை இல்லை. வைட்டமின் பி6-ஐ அளவுக்கு மீறி நீண்ட நாள் எடுத்தால் நரம்புகளே பாதிக்கப்படும். குறைபாடு இருப்பவர்களுக்கு மாத்திரை மிக அவசியம், அதில் சந்தேகமில்லை. மற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்பதே என் கருத்து.

தயமின் குறைந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். பைருவேட் மேற்கொண்டு எரிய, பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற பெரிய நொதித் தொகுதி வேண்டும். அதற்கு ஐந்து துணைநொதிகள் தேவை. அவற்றில் நான்கு பி வைட்டமின்களிலிருந்து வருபவை, தயமின் அதில் ஒன்று. அது இல்லையென்றால் மற்ற நான்கும் இருந்தும் வினை நடக்காது. பைருவேட் தேங்கும், லாக்டேட் ஏறும். பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கும் மூளை சீக்கிரமே தடுமாறத் தொடங்கும்.

உடலில் தயமின் சேமிப்பு மிகக் குறைவு, சில வாரங்களில் தீர்ந்துவிடும். நீண்ட காலமாக அதிகம் குடிப்பவர்கள், வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்கள், பல நாள் பட்டினி கிடந்தவர்கள், இவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. சோர்ந்து கிடக்கிறாரே என்று அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தயமினால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல், குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் எல்லாம் வரலாம். வெர்னிக்கே நோய் என்பது இதுதான். அதனால் இந்த நிலையில் வருபவர்களுக்கு மருத்துவர்கள் குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசியும் போடுகிறார்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போக நேர்ந்தால், எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, குடிப்பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.