மழையைக் கேட்டேன், விலையைக் கேட்க மறந்தேன்

நடுவர் அவர்களே, திருவிழாவுக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பாலக்கோட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இறை நம்பிக்கையையும் வாழ்க்கைப் பாடத்தையும் பெரிதும் தருவது காதால் கேட்கும் பாட்டா, தானே கட்டும் பாட்டா? இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. தானே கட்டும் பாட்டுதான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ஒரே போடாகப் போட்டார். "நம்ம தீர்த்தமலைக்கே அருணகிரிநாதர் திருப்புகழ் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்டால் போதாதா? தாளம் தெரியாதவன் எல்லாம் பாட்டுக் கட்டினால் சாமி மலையிறங்கி ஓடிவிடும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அழகாகத்தான் சொன்னார்.

ஆனால் ஐயா, அந்தப் பாட்டின் முதலடியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! "பாட்டில் உருகிலை கேட்டும் உருகிலை." கேட்டும் உருகவில்லையே என்று மனசைப் பிடித்து உலுக்குகிறார் அருணகிரியார். உங்கள் சாட்சியே எங்கள் பக்கம் பேசுகிறது. "பாட்டிலும் உருகலைன்னுதானம்மா சொல்றார்" என்று நடுவர் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், சொல்கிறார். உருகவில்லை என்பது அவருக்கு எப்போது பிடிபட்டது? தன் வாயால் ஒரு பாட்டைப் பாட வந்தபோது! இன்னொன்று. தேவாரம்தான் இருக்கிறதே, அதைக் கேட்டால் போதும் என்று அவரும் உட்கார்ந்திருந்தால், நீங்கள் இன்றைக்கு மேற்கோள் காட்டத் திருப்புகழே இருந்திருக்காது.

அடுத்து ஐயா "குறை ஒன்றும் இல்லை" பாட்டைச் சொன்னார். கேட்டாலே மனசு நிறைகிறதாம். நிறையட்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அதுதான் ரிங்டோன். போனை எடுத்த மறு நொடி, "ஏன்டா, சீட்டுப் பணம் எங்கடா?" என்று ஊரே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். குறை ஒன்றும் இல்லையாம்!

அதை எழுதிய ராஜாஜி யார்? 1878-ல் நம்ம ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். பாட்டை நம்பிப் பிழைத்தவர் அல்ல. வக்கீல், அரசியல்வாதி, இந்த நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரல். நாற்பது வயதுக்குள் மனைவியைப் பறிகொடுத்தவர். 1954-ல் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியவர். குறைப்பட்டுக்கொள்ள அவருக்கு இல்லாததா? அத்தனையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் அந்த ஒரு வரியை எழுதியிருக்க முடியுமா? எம்.எஸ். அம்மா பாடி நாம் கேட்கிறோம், கண் கலங்குகிறோம், போய்ச் சாப்பிடுகிறோம். கணக்குப் பார்த்தது எழுதியவர்தான்.

பெரிய மனிதர்கள் கதை போதும். என் பெரியம்மா கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகாதவர். தக்காளிதான் வெள்ளாமை. அந்த வருஷம் நல்ல மழை, செடி கொள்ளாமல் காய். மண்டிக்குக் கொண்டுபோனால் கேட்க நாதியில்லை. பறிகூலிகூடக் கட்டவில்லை. பாலக்கோட்டுக்காரர்களுக்கு நான் இதை விளக்கவா வேண்டும்? கிரேடு கிரேடாக ரோட்டோரம் கொட்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த மாதம்தான் ஊரில் மாவிளக்கு. பெரியம்மா வருஷா வருஷம் கும்மி மெட்டில் அம்மனுக்கு ஒரு பாட்டுக் கட்டுவார். திண்ணையில் மாவு இடித்துக்கொண்டே ஆரம்பித்தார். "கேட்டதெல்லாம் கொடுத்தவளே மாரியம்மா..." உலக்கை நின்றுவிட்டது. "என்னத்தடி கொடுத்தா? பொய்யில்ல வருது வாயில" என்றார். அடுத்து, "கொடுத்ததையும் புடுங்கிக்கிட்ட மாரியம்மா" என்று ஒரு வரி. அதுவும் ஒட்டவில்லை. "அவளா புடுங்குனா? மழை பெஞ்சுதே!" கொஞ்ச நேரம் இடிக்கிற சத்தம் மட்டும். அப்புறம் வந்தது பாருங்கள்:

"மழைய மட்டும் கேட்டுப்புட்டேன் மாரியம்மா – தக்காளி
வெலையக் கேக்க மறந்துபுட்டேன் மாரியம்மா!"

நான் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. இன்னும் ரெண்டு இடி இடித்துவிட்டு முடித்தார்:

"வெலைய நானே பாத்துக்கிறேன் மாரியம்மா – நீ
மழைய மட்டும் பாத்துக்கடி மாரியம்மா!"

நடுவர் அவர்களே, எது சாமி வேலை, எது நம்ம வேலை என்று இதைவிடச் சுருக்கமாக யார் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்? அடுத்த போகம் பாதி நிலத்தில் தக்காளி, பாதியில் ராகி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பயிரை நட்டால் மண்டியில் என்ன ஆகும் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? தெரிந்ததைச் செய்ய வைத்தது அந்த வரி. விளக்கு போடுவதையும் பெரியம்மா விடவில்லை. அடுத்தவர் பாட்டில் "எல்லாம் கொடுத்தாய்" என்று தொண்டை கிழியப் பாடலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். சொந்தப் பாட்டில் பொய் வந்தால் நாக்கே தடுக்கிறது. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

கேட்காமல் கட்ட முடியுமா என்பீர்கள். முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கும்மி மெட்டைப் பெரியம்மா பெற்றது தன் அம்மாவிடம். இந்த வட்டாரத்துக் கூத்துக்காரர்களும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். மெட்டு ஊர்ச் சொத்து. அதில் எதை ஏற்றுவது என்பது நம்ம பாடு.

சின்னப் பிள்ளைகளுக்கும் இதேதான். ஓசூர் சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பையன், என்னிடம் படித்தவன், பஸ்ஸில் வரும்போது போனில் நாலு வரி எழுதி அனுப்புவான். எதுகையும் கிடையாது, மோனையும் கிடையாது. "சாமி, தூங்காம இருக்கறது நீயும் நானும்தான்" என்று ஒரு வரி. இலக்கணம் பார்த்து நான் மார்க் போட்டால் அவன் ஃபெயில். ஆனால் துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதே அவனுக்கு!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச எதிரணி அம்மா வருகிறார். நல்ல குரல், நாலு பாட்டாவது பாடுவார். பாடட்டும், கேட்போம். நடுவில் ஒரே ஒரு வரி, இந்த வருஷம் அவர் வீட்டில் நடந்ததைச் சாமியிடம் சொல்கிற மாதிரி, அவரே கட்டிச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் அவருக்கு எங்கள் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். சொல்லாவிட்டால் நடுவர் பார்த்துக்கொள்வார்.