பாலூ எடுத்த 114 விக்கெட்

வணக்கம் நேயர்களே.

இந்திய கிரிக்கெட் என்றால் பெரும்பாலும் 1932-ல்தான் கதையை ஆரம்பிப்பார்கள். லார்ட்ஸ் மைதானம், சி.கே. நாயுடு, முதல் டெஸ்ட். அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு 21 வருஷம் முன்பே, 1911 கோடையில், ‘அகில இந்திய அணி’ என்ற பெயரோடு ஓர் அணி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டது. எனக்குப் பிடித்த அணி அதுதான். தோற்றுத் தோற்றே பேர் வாங்கிய அணியைப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில்கூடச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 23 ஆட்டம். ஆறில் வெற்றி, பதினைந்தில் தோல்வி, இரண்டு டிரா. இதில் முதல்தர ஆட்டங்கள், அதாவது அதிகாரபூர்வமான உயர்மட்ட ஆட்டங்கள், 14. அவற்றில் ஜெயித்தது இரண்டே இரண்டு. இன்றைக்கு ஒரு அணி இப்படி ஆடிவிட்டுத் திரும்பினால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதே பயணத்தில் ஒரு மனிதர் 114 விக்கெட் எடுத்தார். ரேடியோவில் எண்கள் காற்றோடு போய்விடும், அதனால் மறுபடி சொல்கிறேன்: 114 விக்கெட். அவர் பெயர் பல்வங்கர் பாலூ. இடக்கை சுழற்பந்து வீச்சாளர். அப்போது வயது 35.

அணி எப்படிச் சேர்ந்தது என்பதே ஒரு கதை. அதற்கு முன்னால் 1886-லும் 1888-லும் பம்பாய்ப் பார்சிகள் தங்கள் அணியை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போய் வந்திருந்தார்கள். எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து ஓர் அணியாகப் போவது மட்டும் நடக்கவில்லை. பேச்சு தொடங்கும், யாருக்கு எத்தனை இடம் என்ற சண்டையில் உடையும். 1909-ல் லண்டனில் மதன்லால் திங்க்ரா என்ற இந்திய மாணவர் கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டுக்கொன்ற பிறகு, இந்தியர் என்றாலே ஆங்கிலேயர் சந்தேகத்தோடு பார்க்கிறார்களே, அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று இங்கே சில பெரிய மனிதர்களுக்குத் தோன்றியது. பணம் போடவும் ஆள் கிடைத்தது. கடைசியில் பார்சிகள் ஆறு பேர், இந்துக்கள் ஐந்து பேர், முஸ்லிம்கள் மூன்று பேர் என்று பங்கு பிரித்தார்கள். மேலே கேப்டனாகச் சீக்கியரான பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவருக்கு அப்போது வயது 19. நம் பக்கத்திலிருந்தும் ஆள் உண்டு: சென்னைக்காரரான சேஷாச்சாரி விக்கெட் கீப்பர், மைசூர்ப் பக்கத்திலிருந்து ஜெயராம் பேட்ஸ்மேன்.

மகாராஜா போன நேரம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நேரம். விருந்து, அணிவகுப்பு, குதிரைப் பந்தயம் என்று லண்டன் முழுக்கக் கொண்டாட்டம். அவர் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். போனவர் தனியாகப் போகவில்லை. அணியிலேயே நல்ல பேட்ஸ்மேன்களில் ஒருவரான மிஸ்திரி அவருடைய செயலாளர், அவரையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் காங்கா கேப்டனாக நின்று சமாளித்தார். பம்பாயில் மழைக்காலத்தில் ஆடுகிறார்களே காங்கா லீக், அது இவர் பெயரில்தான்.

சரி, பாலூவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுப்பேன், நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாலூ பிறந்தது 1876-ல், தார்வாரில். தோல் வேலை செய்யும் சமார் சமூகம். அந்தக் காலத்துப் பேச்சில் தீண்டத்தகாதவர். அப்பா பட்டாளத்தில் வேலை பார்த்தவர். பாலூவும் தம்பி சிவராமும் வெள்ளைக்கார அதிகாரிகள் தூக்கிப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்து ஆடிப் பழகினார்கள். பூனாவில் பாலூவுக்கு முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில், பிட்சைப் பெருக்கி உருளை இழுப்பது. சம்பளம் மாதம் மூன்று ரூபாய். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார், அங்கே நான்கு ரூபாய்.

அங்கே வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட ஆள் வேண்டும். பாலூ போட்டார். கிரெய்க் என்று ஒரு ராணுவக் கேப்டன், ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு ஆடிய நல்ல பேட்ஸ்மேன். அவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலூவின் பந்தில் பழகுவாராம். தன்னை அவுட்டாக்கினால் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பாராம். மாதச் சம்பளம் நான்கு ரூபாய். எட்டு முறை கிரெய்கை வீழ்த்தினால் இன்னொரு மாதச் சம்பளம். கை தன்னால் சுழலுமா, சுழலாதா? இந்தக் கிரெய்க் பிற்காலத்தில் பாதிரியார் ஆகிவிட்டார் என்பது உபரித் தகவல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மணிக்கணக்கில் பந்து போடச் சொன்ன அந்தக் கிளப்பில் பாலூ கையில் ஒரு தடவை மட்டையைக் கொடுத்ததில்லை. பேட்டிங் கனவான்கள் வேலை, பந்து போடுவது கூலிக்காரன் வேலை. இந்த வியாதி இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பது என் கட்சி. நம் தெரு ஆட்டத்திலேயே பாருங்களேன், மட்டை வைத்திருக்கும் பையன் முதலில் ஆடுவான். மட்டை இல்லாத பையன் வெயிலில் ஓடி ஓடிப் பந்து போடுவான், இருட்டியதும் அம்மா கூப்பிடுகிறாள் என்று மட்டைக்காரன் கிளம்பிவிடுவான்.

அப்புறம் பூனா இந்துக்களுக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஜெயிக்க பாலூ வேண்டும். பெரிய விவாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்? மைதானத்தில் எல்லோரும் தொடும் பந்தை அவரும் தொடலாம். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலூவுக்கு வெளியே, மண் குவளையில், குடித்ததும் தூக்கி எறிகிற குவளையில். சாப்பாடு தனி இடத்தில். முகம் கழுவ வேண்டுமென்றால் அவர் சாதிக்காரரான ஒரு வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து மைதானத்தின் ஓரத்தில் ஊற்றுவார். டீக்கடையில் தனிக் குவளை என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பந்துக்கு மட்டும் எப்படித் தீட்டு இல்லாமல் போனது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். விக்கெட் விழுந்தால் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

சதாராவில் வெள்ளையர் கிளப்பைத் தோற்கடித்துத் திரும்பியபோது நீதிபதி ரானடே பொது இடத்தில் பாலூவைப் பாராட்டினார். கூட ஆடுகிறவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்று கேட்டார். பூனாவில் பிளேக் பரவிய பிறகு பாலூ பம்பாய் வந்தார், ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவுக்கு ஆட்டம். 1906-ல் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். அந்த வெற்றியில் பாலூவின் பந்துவீச்சுக்குப் பெரிய பங்கு. அதற்குள் குவளைச் சட்டமும் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரு அங்குலம் என்கிற மாதிரி தளர்ந்தது.

இந்த மனிதர்தான் 1911-ல் கப்பல் ஏறினார், தம்பி சிவராமோடு. இங்கிலாந்தின் குளிரில் நம்மவர்கள் விறைத்துப் போய்த் தோற்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆண்டு அங்கே வெயில் கொளுத்தியது. ஆகஸ்டில் லண்டன் பக்கம் 36 டிகிரியைத் தாண்டியது. மழையில் நனைந்த பிட்சில் சுழற்பந்து தானாகத் திரும்பும். காய்ந்த பிட்சில் வீச்சாளன்தான் திருப்ப வேண்டும். பாலூ திருப்பினார். முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட், சராசரி 20 ரன்னுக்கு ஒன்று. எல்லா ஆட்டமும் சேர்த்தால், மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், 114. அதுவும் தோள் வலியோடு. மாற்று ஆள் இல்லாததால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தார். கூட இருந்தவர்கள் கேட்சை விடாமல் பிடித்திருந்தால் இன்னும் எத்தனை விழுந்திருக்கும் என்று அப்போதே எழுதினார்கள். நம் பந்தில் கேட்ச் விட்டவனை நாம் பத்து வருஷம் கழித்தும் மறப்பதில்லை. பாலூ என்ன நினைத்தாரோ.

முதல் வெற்றி லெஸ்டர்ஷயருக்கு எதிராக. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து பாலூவுக்கு 11 விக்கெட். அடுத்தது டாண்டனில் சோமர்செட்டோடு, ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். அதில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113. மட்டையே கொடுக்கப்படாத அண்ணன் பாலூ அந்த ஆட்டத்தில் அரை சதம் அடித்தார். இதை நான் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், மன்னிக்கவும். இந்த அணியில் வந்த பஜானா என்ற பார்சிக்காரர் அங்கேயே தங்கி அதே சோமர்செட்டுக்குப் பல வருஷம் ஆடினார்.

இவர்கள் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த அதே ஜூலையில் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவைக் கால்பந்தில் வீழ்த்தியது. வெற்றி கிடைத்த பக்கம் நாடே திரும்பியது. கிரிக்கெட் அணியை யார் கவனிப்பார்கள்?

கவனித்தவர்கள் உண்டு. பாலூ திரும்பி வந்ததும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு விழா நடத்தினார்கள். வரவேற்புரை வாசித்தவர் ஒரு கல்லூரி மாணவர், பீமராவ் அம்பேத்கர். அவருடைய முதல் பொதுமேடைகளில் இதுவும் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மூன்று நிமிஷம்தான் இருக்கிறது. ஆக, வேகமாக. பாலூவை இந்து அணிக்குக் கேப்டனாக்கவே இல்லை. 1920-ல் அதை எதிர்த்துத் தம்பிகள் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். 1923-ல் விட்டல் கேப்டன் ஆனார், அந்த ஆண்டு பம்பாயில் சமூக வாரியான அணிகள் மோதிய நாற்கோணப் போட்டிக் கோப்பையையும் வென்றார். பிறகு பாலூ அரசியலுக்கு வந்தார். 1932-ல் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டுமா என்ற சர்ச்சையில், அவர்களின் தலைவர்களில் ஒருவரான நம் சென்னை எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார், தனித் தொகுதிக்குப் பதிலாக ஒதுக்கீட்டு இடங்கள் தந்த பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை யாருக்கு எதிராக நிறுத்தியது தெரியுமா? அந்த வரவேற்புரை வாசித்த அம்பேத்கருக்கு எதிராக. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலூவுக்கு 11,225. இதைப் பற்றித் தனியாக ஒரு உரையே பேசலாம்.

1932 பயணத்தைப் பற்றியும் பேசுவதாக நிலையத்தாரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு வரி: கேப்டனாகப் போன போர்பந்தர் மகாராஜாவுக்குத் தன் ஆட்டத்தின் தரம் தெரிந்திருந்தது, ரன்களைவிட அவரிடம் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் அதிகம் என்று அப்போதே கேலி செய்தார்கள், லார்ட்ஸ் டெஸ்டில் அவர் ஒதுங்கிக்கொண்டு நாயுடுவைக் கேப்டனாக்கினார். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.