பள்ளிக்குச் செலவிடும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது?

வணக்கம் நண்பர்களே. அரசுப் பள்ளிகளுக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பிள்ளைகளின் படிப்பு உயர்வதில்லை என்று அடித்துப் பேசுபவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து வெளிவந்த அறிக்கையைப் பலரும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் விளக்குகிறது என்றுதான் அந்த அறிக்கை கூறியது. பணத்தால் பயனே இல்லை என்பது பிறர் அதற்குக் கொடுத்த பொருள்.

பின்தங்கிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குப் பல இடங்களில் கூடுதல் நிதி ஒதுக்கப்படுவதால், செலவையும் மதிப்பெண்ணையும் அப்படியே ஒப்பிட்டால், பணம் அதிகம் போன இடத்தில் தேர்ச்சி குறைவாகத்தான் தெரியும். மருந்து அதிகம் செலவாகும் வார்டில் நோயும் அதிகம் என்பதற்காக மருந்தைப் பழிப்பதற்கு ஒப்பானது இது.

இந்தச் சிக்கலைத் தாண்டிய ஆய்வு 2016இல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து பள்ளி நிதி மாறிய அமெரிக்க மாவட்டங்களில் படித்த பிள்ளைகளை அவர்கள் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். பள்ளிப் படிப்பின் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு மாணவருக்கான செலவு 10% கூடியிருந்தால், வளர்ந்த பின் ஊதியம் ஏறத்தாழ 7% உயர்ந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் மிகுதி. அடுத்த ஆண்டுத் தேர்வு முடிவை மட்டும் பார்த்துத் திட்டத்தை நிறுத்துபவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? என்னை மிகவும் வருத்தும் கேள்வி இதுதான்.

எல்லாச் செலவும் ஒன்றல்ல என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. இந்தோனேசியாவில் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாக்கப்பட்டது. ஆசிரியர்களின் பணத் தட்டுப்பாடு குறைந்தது, ஆனால் மாணவர்களின் கற்றல் மேம்படவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய சோதனையில், வகுப்புக்கு 22 முதல் 25 பேர் என்றிருந்ததை 13 முதல் 17 ஆகக் குறைத்தபோது சிறு குழந்தைகளின் கற்றல் தெளிவாக உயர்ந்தது. அதைப் பார்த்துக் கலிபோர்னியா 1996இல் மாநிலம் முழுவதும் அவசரமாக வகுப்புகளைச் சிறிதாக்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டதால், முழுத் தகுதி பெறாதவர்களும் பணியில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினர் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.