தோட்டா நேராக இருக்கிறதா? அளப்பதும் சரிசெய்வதும்

[திரையில்: இரண்டு தாங்கிகளின் மேல் கிடக்கும் தோட்டா, அதன் குண்டைத் தொட்டு நிற்கும் டயல் கேஜ்]

அமெரிக்காவின் பென்ச்ரெஸ்ட் போட்டிகளில், மேசையில் தாங்கி வைத்த ரைஃபிளிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குச் சுடப்படும் ஐந்து குண்டுகளும் ஏறத்தாழ ஒரே துளையில் போய் விழ வேண்டும். அதனால் போட்டியாளர்கள் சுட்ட பித்தளைக் கூடுகளையே மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்து, தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். அப்படித் தயாரித்த தோட்டாவில் குண்டின் அச்சும் கூட்டின் அச்சும் ஒரே கோட்டில் அமைந்துள்ளனவா என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

[நெருக்கக் காட்சி: விரல்கள் தோட்டாவை மெல்ல உருட்டுகின்றன, டயலின் முள் ஏறி இறங்குகிறது]

கூட்டின் உடலை இரண்டு இடங்களில் தாங்கி, கேஜின் முனையைக் கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் குண்டின் மேல் வைத்து, தோட்டாவை ஒரு முழுச் சுற்று உருட்ட வேண்டும். முள் காட்டிய மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் இடையிலான வேறுபாடே மொத்த ஆட்டம். முள் 0.004 அங்குலம் ஆடினால், தொட்ட இடத்தில் அச்சு விலகியிருப்பது அதில் பாதி, அதாவது 0.002 அங்குலம், சுமார் 0.05 மில்லிமீட்டர். ஒருவர் முழு ஆட்டத்தையும் இன்னொருவர் பாதியையும் சொல்லிக்கொண்டு வாதிடுவது இத்துறையில் சாதாரணம். சாய்ந்த குண்டில் முனையை நெருங்க நெருங்க ஆட்டம் பெரிதாகத் தெரியும் என்பதால், எப்போதும் ஒரே இடத்தில் தொட்டு அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

முடிந்த தோட்டாவை மட்டும் அளந்தால் கோணல் இருப்பது தெரியுமே தவிர, அது எங்கே பிறந்தது என்பது தெரியாது. ஆகவே சுட்டதும் ஒருமுறை, டையில் (கூட்டை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் எஃகுக் கருவி) இட்டு எடுத்த பின் ஒருமுறை, குண்டைப் பொருத்திய பின் ஒருமுறை என்று அளக்க வேண்டும். சுட்ட கூடு துப்பாக்கியின் அறைக்குள் விரிந்து அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால், பெரும்பாலும் அதுவே மிக நேராக இருக்கும்.

[காட்சி: பிரஸ்ஸின் கைப்பிடி உயர்கிறது, கூடு டையிலிருந்து இறங்குகிறது]

என் கணிப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, டையின் நடுத்தண்டில் உள்ள விரிப்பு உருண்டையைத்தான். குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் குறுகிய முன்பகுதியே கழுத்து. டை தேவைக்கு மேல் இறுக்கிவிட்ட கழுத்தின் வழியாக உருண்டை வெளியேறும்போது, பிரஸ்ஸின் கைப்பிடியில் இழுவை தெரியும். கழுத்தின் உட்புறம் உலர்ந்திருந்தால் கிரீச்சென்ற ஓசையும் கேட்கும். அந்த இழுப்பில் கழுத்து ஒரு பக்கமாக வளைந்துவிடுகிறது. உட்புறத்தில் சிறிது மசகு இடலாம். அல்லது உருண்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தின் அளவுக்கேற்ற புஷ்ஷிங் (மாற்றிக்கொள்ளக்கூடிய வளையம்) கொண்ட டையைப் பயன்படுத்தலாம். கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடிமனாக இருந்தால் எந்த டையும் அதைப் போக்காது. வெளிப்புறத்தைச் சீராகக் கடைந்தெடுக்க வேண்டும்.

குண்டைப் பொருத்தும் நிலையில், கூட்டின் வாய் விளிம்பு உட்புறம் சரிவாகச் சீவப்பட்டிருப்பதும், அழுத்தும் தண்டின் குழிவு குண்டின் வடிவத்தோடு ஒத்திருப்பதும் போதிய பலன் தரும். கோணலான தோட்டாவைப் பக்கவாட்டில் அழுத்தி நிமிர்த்தும் கருவிகளும் உண்டு. கழுத்தின் பிடிப்பு தோட்டாவுக்குத் தோட்டா மாறிவிடக்கூடும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. வெடிமருந்திட்ட தோட்டாவைத் தட்டி நிமிர்த்த முயல்வது ஆபத்து.

வேட்டை ரைஃபிளுக்கு 0.003 அங்குல மொத்த ஆட்டம் கவலைப்பட வேண்டியதன்று. ஐயமிருந்தால், நேரானவற்றையும் கோணலானவற்றையும் தனித்தனியே பிரித்து, ஒரே ரைஃபிளில் பலமுறை சுட்டு ஒப்பிடலாம். இலக்குத் தாளில் வேறுபாடு தெரியாவிட்டால், அந்த நேரத்தைச் சுடும் பயிற்சிக்குச் செலவிடுவதே மேல்.