படகுத்துறை மசூதியும் சுல்தானின் மகளும்

அவையோருக்கு வணக்கம். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், உஸ்குதார் படகுத்துறையில் இறங்கியதுமே இரட்டை மினார்களோடு ஒரு மசூதி எதிரே நிற்கும். உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது, 1548-இல் முடிந்தது. கட்டச் செய்தவர் உஸ்மானியப் பேரரசர் சுலைமான், அவர் மனைவி ஹுர்ரெம் தம்பதியின் மகள் மிஹ்ரிமா சுல்தான். அப்போது அவருக்கு வயது 26.

'அந்தப்புரச் சூழ்ச்சி' என்ற ஒரே சொல்லில் இவரைப் போன்றவர்களை ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. அரண்மனை நடைமுறையைப் பாருங்கள். இளவரசர்களை மாகாணங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவர் அரியணை ஏறினால் மற்றவர்களுக்குச் சாவு. 1595-இல் மூன்றாம் மெஹ்மது தன் சகோதரர்கள் 19 பேரைக் கொன்றார். மகளுக்கு அந்தக் கத்தி இல்லை. அவள் தலைநகரிலேயே இருப்பாள், அமைச்சருக்கு மனைவியாவாள். அந்த அமைச்சர் ஏறக்குறைய வீட்டோடு மாப்பிள்ளைதான். சுலைமானின் பேத்தி இஸ்மிஹானை மணப்பதற்காக அமைச்சர் சொகுல்லு மெஹ்மது பாஷா முந்தைய மனைவியரை விலக்க வேண்டியிருந்தது.

மிஹ்ரிமாவுக்கு 1539-இல் ருஸ்தெம் பாஷாவோடு திருமணம். மாப்பிள்ளைக்குத் தொழுநோய் என்று பேச்சு கிளம்பியதாம். மருத்துவர் சோதித்தபோது சட்டையில் ஒரு பேன் அகப்பட்டது. தொழுநோயாளி உடலில் பேன் தங்காது என்பது அக்கால நம்பிக்கை, திருமணம் நடந்தது! 1544-இல் ருஸ்தெம் தலைமை அமைச்சரானார். 1553-இல் சுலைமானின் வேறொரு துணைவிக்குப் பிறந்த இளவரசர் முஸ்தஃபா கொல்லப்பட்டபோது, பழி ஹுர்ரெம், மிஹ்ரிமா, ருஸ்தெம் மூவர் மேலும் விழுந்தது. ருஸ்தெம் பதவி இழந்தார். இரண்டே ஆண்டில் மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தார். மனைவி யார் என்பதை மறந்துவிட்டு இந்த மீட்சியைப் புரிந்துகொள்ள முடியுமா?

போலந்து மன்னர் இரண்டாம் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் ஆட்சிக்கு வந்தபோது தாயும் மகளும் தனித்தனியே வாழ்த்துக் கடிதம் எழுதினார்கள். தாயின் கடிதத்தோடு கைக்குட்டைகளும் துவாலையும் போயின. கைக்குட்டைதானே என்று எண்ணாதீர்கள். இரண்டு அரசுகளின் நட்பு அந்தத் துணியில் மடிந்து சென்றது.

ஹுர்ரெம் 1558-இல் மறைந்தபின் தந்தைக்கு ஆலோசனை சொல்லும் இடம் மகளுக்கு வந்தது. மால்டாவின் மீது படையெடுக்கத் தூண்டியவர்களில் இவரும் ஒருவர். 1565-இல் அந்தப் போர் தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு தம்பி செலிம் அரியணை ஏறியபோது கையில் காசில்லை. 50,000 பொற்காசுகளைக் கடனாகக் கொடுத்தவர் இந்த அக்காதான்.

1578-இல் மிஹ்ரிமா இறந்தார். கணவரின் கல்லறை ஷெஹ்ஸாதே மசூதி வளாகத்தில் இருக்கிறது. தாய்க்குச் சுலைமானியே மசூதி வளாகத்தில் தனிக் கல்லறை மண்டபம். மகளை அடக்கம் செய்தது தந்தையின் மண்டபத்துக்குள், சுலைமானின் பக்கத்தில்.