கலவர நாளில் கிடைத்த நிருபர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில், பத்திரிகை வேலைக்குப் போக ஆசைப்படும் கறுப்பின மாணவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தேசியக் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தின் மாணவர் கிளை. “செய்தி எழுத நிறம் பார்த்து ஒரு சங்கமா?” என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடமும் கேட்பார்கள். நான் ராபர்ட் ரிச்சர்ட்சன் கதையைச் சொல்வேன்.

1965 ஆகஸ்ட். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கறுப்பின மக்கள் நிறைந்திருந்த வாட்ஸ் பகுதி. கார் ஓட்டிவந்த ஓர் இளைஞரைப் போலீஸ் பிடிக்கப்போய், அது கலவரமாகிவிட்டது. 34 பேர் செத்தார்கள். ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ எவ்வளவு பெரிய பத்திரிகை! அதில் அன்று ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. ஒருவர்கூட! வெள்ளைக்கார நிருபர் உள்ளே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. கடைசியில் போனவர் யார் தெரியுமா? விளம்பரப் பிரிவில் இருந்த ரிச்சர்ட்சன். வயது 24. தெருவோர டெலிபோன் கூண்டுகளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். அவர் பெயர் போட்டே செய்தி வந்தது. மறு ஆண்டு, வாட்ஸ் செய்திகளுக்காகப் பத்திரிகைக்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு!

பரிசு இருக்கட்டும். கலவரத்துக்கு முந்தின வாரம் வாட்ஸில் வீட்டு வாடகை என்ன, வேலை கிடைக்கிறதா என்று எழுத ஆள் இருந்தாரா? என் ஆதங்கம் அதுதான். 1968இல், இப்படிப்பட்ட கலவரங்களை ஆராய அரசு அமைத்த கெர்னர் ஆணையமும் இதைத்தான் இடித்துரைத்தது: செய்திப் பணியாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பத்திரிகையாளர்கள் கூடித் தாய்ச்சங்கத்தைத் தொடங்கினார்கள்.

மாணவர் கிளையில் பெரிய வித்தை ஒன்றும் நடப்பதில்லை. மூத்தவர்கள் வந்து பிள்ளைகள் எழுதியதைத் திருத்துவார்கள். பேட்டிக்கு ஒத்திகை நடக்கும். ஆண்டு மாநாட்டில் செய்தி நிறுவனங்கள் ஆள் எடுக்க மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். அங்கே போக எல்லோரும் சேர்ந்து காசு திரட்டுவார்கள். சித்தப்பாவோ மாமாவோ பத்திரிகையில் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டிலேயே கிடைத்துவிடும். இல்லாத பிள்ளை எங்கே போகும், சொல்லுங்கள்?

கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஏடு ‘ஹில்டாப்’ பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1924இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜோரா நீல் ஹர்ஸ்டன். அந்த ஏடு இன்றும் வருகிறது. நன்றி, வணக்கம்.